முதல் ரீலோடிங் பிரஸ்: தேவகோட்டைக் குடும்பம் ஒன்றில் நடந்த தேர்வு

பின்னணி

தேவகோட்டையில் ஒரு வளவு வீடு. பெரியவரும் அவர் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். பெரியவர் பெயரில் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு இருக்கிறது. அவருடைய அப்பச்சியிடமிருந்து வந்தது. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். முடிந்ததும் போய் எடுத்து வருவார். சுட வேண்டிய தேவை அவருக்கு அநேகமாக வந்ததில்லை.

அவருடைய தங்கை மகன் காரைக்குடியில் இன்ஜினியரிங் படித்துவிட்டு அமெரிக்காவில் டெக்சாஸுக்கு வேலைக்குப் போனவர். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கி சுடும் விளையாட்டில் இறங்கினார். அது சரியான வரிசை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் அங்கே துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே இருக்கின்றன. நம்மூர்ப் பிள்ளைகள் பலர் நண்பர்களோடு ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி இடம்) போய்ப் பழகியதும் இதைக் கவனிக்காமல் வாங்கிவிடுகிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அவரிடம் இருந்தவை இரண்டு: இலக்குப் பயிற்சிக்கு .308 வின்செஸ்டர் அளவுத் தோட்டாவுக்கான போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் பின்பூட்டைக் கையால் திறந்து மூடும்) ரைபிள், 9 மி.மீ. பிஸ்டல். 2020, 2021 தட்டுப்பாட்டில் அங்கே தோட்டா விலை ஏறியதும் கடைகளில் காலியான அலமாரிகளும் அவரை ரீலோடிங் பக்கம் திருப்பின. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கேஸைத் திரும்ப எடுத்து, பழைய பிரைமரை (அடித்ததும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டி நீக்கி, கேஸை உரிய அளவுக்குக் குறுக்கி, புதுப் பிரைமர், வெடிமருந்து, குண்டு என்று வரிசையாக வைத்துப் புதுத் தோட்டா ஆக்குவதுதான் ரீலோடிங். கைப்பிடியை இழுத்து இந்த வேலைகளைச் செய்யும் மேசைக் கருவிதான் பிரஸ். சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்க மத்தியச் சட்டம் இதற்குத் தனி லைசென்ஸ் கேட்பதில்லை. தொழிலாகச் செய்தால் கேட்கும்.

நான் காரைக்குடியில் லேத் பட்டறை நடத்துகிறேன். டை, பிரஸ், மரை என்று புழங்குபவன், துப்பாக்கி சுடும் விளையாட்டிலும் பழக்கம் உள்ளவன். அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவன் என்பதால் என்னையும் வீடியோ பேச்சில் உட்கார வைத்தார்கள்.

முதலில் போட்ட திட்டம்

இளைஞர் மனதில் இருந்தது புரோகிரசிவ் பிரஸ். தில்லன் 750 போன்ற ஐந்து நிலை மிஷின். கீழே உள்ள வட்டத் தட்டில் ஐந்து கேஸ் நிற்கும். கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஐந்து இடத்திலும் வேலை நடக்கும். தட்டு தானே சுற்றும். ஒவ்வொரு இழுப்புக்கும் முடிந்த தோட்டா ஒன்று பெட்டியில் விழும்.

"அம்மான், மணிக்கு ஐநூறு போடலாமாம். ரெண்டு அளவு தோட்டாவுக்கும் ஒரே மிஷின் போதும்."

பெரியவருக்கும் ஒரு ஆசை வந்தது. 12 போர் தோட்டா அடைக்கத் தனியாகச் சின்ன பிரஸ்கள் உண்டு என்று மருமகன் சொன்னதும், ஒன்றை ஊருக்கு அனுப்பச் சொன்னார். மேல் மெத்தையில் மரப்பெட்டிக்குள் பழைய கருவி ஒன்று கிடந்ததை எடுத்து வந்து கேமராவில் காட்டினார். மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் இரும்புப் பிடி, பக்கத்தில் சுழற்றும் சின்னக் கைப்பிடி, காகிதத் தோட்டாவின் வாயை உள்பக்கம் சுருட்டி மடிக்கும் பித்தளை மூக்கு. கைப்பிடி மரம் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது.

"எங்க ஐயா காலத்துல இங்கன உக்காந்துதான் தோட்டா அடைப்பாக. அப்ப யாரு வந்து கேட்டா?"

ஆக, கேள்வி இரண்டாகியது. டெக்சாஸில் எந்த பிரஸ்? தேவகோட்டையில் பிரஸ் இருக்கலாமா?

கவனித்தவை

வாங்குவதற்கு முன் யாருடைய மேசையிலாவது கை வைத்துப் பார் என்று சொன்னேன். ரேஞ்சில் பழக்கமான ஒருவர் தன் கராஜில் இரண்டு வகையும் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை இளைஞர் அங்கே போய், அவர் பக்கத்தில் நிற்க, 9 மி.மீ. தோட்டாக்களைப் புரோகிரசிவிலும் .308 தோட்டாக்களை ஒற்றை நிலை பிரஸ்ஸிலும் செய்து பார்த்தார். வீடியோ எடுத்து அனுப்பினார்.

புரோகிரசிவ் வீடியோவில் என் கண்ணில் பட்டது அவருடைய பார்வை போன திசை. முடிந்த தோட்டா விழும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து விழும் இடத்தை அவர் பார்க்கவே இல்லை. நடுவில் பிரைமர் ஒன்று சரியாக உட்காராமல் கைப்பிடி கனத்தது. நிறுத்தினார், பாதி தூக்கினார், ஒரு கேஸை வெளியே எடுத்தார், திரும்ப வைத்தார். அதற்குள் எந்தக் கேஸில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. மிஷினின் சொந்தக்காரர் நல்ல மனிதர். தட்டில் நின்ற எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டச் சொல்லிவிட்டார்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், 9 மி.மீ. தோட்டாவில் வேகமாக எரியும் மருந்து பலவற்றுக்குக் கேஸில் பாதி இடம்கூடத் தேவையில்லை. இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, குண்டும் மேலே ஒழுங்காக உட்காரும், வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் இருக்காது. சுடும்போதுதான் துப்பாக்கி கையில் உடையும். மருந்தே விழாத தோட்டாவும் ஆபத்தில் குறைந்ததல்ல. பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு நகர்ந்து குழலில் பாதியில் நின்றுவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

ஒற்றை நிலை பிரஸ்ஸின் வீடியோ மெதுவாகப் போனது. ஒரு டை (பிரஸ்ஸின் மேலே திருகிப் பொருத்தும் அச்சு), ஒரு கேஸ், ஒரு இழுப்பு. ஐம்பது கேஸையும் முதலில் அளவுக்குக் குறுக்கி முடித்தார். பிறகு டையை மாற்றினார். மருந்து போடும் கட்டத்தில் எல்லாக் கேஸும் துளையிட்ட மரக்கட்டையில் வரிசையாக நின்றன. விளக்கை மேலே பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்த்தார். மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு கேஸில் மட்டம் தாழ்ந்திருந்தது. அவற்றைக் கவிழ்த்துத் தராசில் மறுபடி நிறுத்துப் போட்டார். குண்டை வைத்து மூடுவதற்கு முன்பே குறை கண்ணில் பட்டுவிட்டது.

அதே வீடியோவில் இன்னொன்றும் நடந்தது. .308 போல கழுத்துக் குறுகிய கேஸ்களுக்கு, அளவு குறுக்கும் டைக்குள் அனுப்பும் முன் மெல்லிய மசகு தடவ வேண்டும். ஒரு கேஸுக்கு விட்டுப்போனது. பாதியில் இறுகி மாட்டிக்கொண்டது. கைப்பிடியை வெளியே இழுத்தபோது விளிம்பு பிய்ந்து, கேஸ் டைக்குள்ளேயே தங்கிவிட்டது. மாட்டும்போது கையில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். "அதுக்கு முந்தி போனதெல்லாம் வெண்ணெய் மாதிரி போச்சு அண்ணே, இது அப்பவே நெருடுச்சு," என்றார். அந்த நெருடலைக் கை பிரித்து அறிகிறதே, முதல் பிரஸ்ஸில் கிடைக்க வேண்டிய படிப்பு அதுதான். ஐந்து டை ஒரே நேரத்தில் வேலை செய்யும் மிஷினில் கைக்கு வருவது ஐந்தும் கலந்த ஒரே கனம். எது நெருடியது என்று புதியவருக்குப் பிடிபடாது.

எடை போட்ட கணக்குகள்

முதல் கேள்வி, மாதம் எத்தனை தோட்டா சுடுகிறார் என்பது. ரைபிளில் நூறுக்குள், நிதானமாக, துல்லியத்துக்காகச் சுடுவது. பிஸ்டலில் எப்போதாவது ஒரு பெட்டி. இந்த அளவுக்கு மணிக்கு ஐநூறு என்ற வேகம் எதற்கும் பயன்படாது. 9 மி.மீ. கடைத் தோட்டா விலை அதற்குள் இறங்கவும் தொடங்கியிருந்தது; .308 துல்லியத் தோட்டாவில்தான் மிச்சம் அதிகம். அதனால் பிஸ்டலுக்குக் கடையில் வாங்குவது, ரைபிளுக்கு மட்டும் வீட்டில் செய்வது என்று பிரித்தோம்.

நடுவில் டரட் பிரஸ் பற்றியும் பேசினோம். மேலே சுழலும் தலையில் நான்கு டை. கேஸ் ஒரே இடத்தில் நிற்க, தலை சுற்றி வரும். லீ கிளாசிக் டரட்டில் தானாகச் சுற்ற வைக்கும் கம்பியை உருவிவிட்டால் ஒற்றை நிலை பிரஸ்ஸாகவே நடத்தலாம். பிஸ்டல் அதிகம் சுடுபவர் முதல் பிரஸ்ஸாக இதை வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவருக்கு ரைபிள்தான் முக்கியம். கேஸை அளவுக்குக் குறுக்கும்போது விழும் பாரம் பெரியது. அந்தப் பாரத்தில் சுழலும் தலை கொஞ்சம் மேலே எழும்பும். துல்லியத்தைத் தேடுபவருக்கு அந்தக் கொஞ்சமும் இல்லாத ஒரே வார்ப்பாக இருக்கும் சட்டம் நல்லது.

சட்டத்தின் வடிவத்தைப் பற்றிப் பட்டறைக்காரனாக நான் பிடிவாதமாக இருந்தேன். சி வடிவச் சட்டத்தில் ஒரு பக்கம் திறப்பு. கை போக வர வசதி. பாரம் ஏறும்போது அந்தத் திறப்பு விரியப் பார்க்கும், டையின் மையக்கோடும் கீழிருந்து ஏறும் தண்டின் மையக்கோடும் விலகும். ஓ வடிவத்தில் இரண்டு பக்கமும் பாரத்தைத் தாங்கும். எனவே வார்ப்பிரும்பு, ஓ சட்டம். டை பொருந்தும் துளை அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு விட்டம், அங்குலத்துக்கு 14 மரை என்ற பொது அளவில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டோம். அந்த அளவு இருந்தால் ஒரு கம்பெனி டையை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் மாட்டலாம். நாளைக்கு பிரஸ்ஸை மாற்றினாலும் டை வீணாகாது.

முடிவு

ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் வகை ஒற்றை நிலை பிரஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினார். வார்ப்பிரும்பு பிரஸ்ஸில் பழையது வாங்கப் பயப்பட வேண்டியதில்லை. தண்டை மேலே ஏற்றிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும், மரையில் சேதம் உண்டா என்று டை ஒன்றைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மிச்சமான பணம் தராசுக்குப் போனது. மருந்தை கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. பத்தில் ஒரு கிரெயின் என்றால் ஆறரை மில்லிகிராம். அந்த அளவைக் காட்டும் தராசும், அதைச் சரிபார்க்கும் எடைக்கற்களும் பிரஸ்ஸைவிட முக்கியம். நீளம் அளக்கும் காலிப்பரும், கேஸை நறுக்கும் கருவியும் கட்டாயம். .308 கேஸின் உச்ச நீளம் 2.015 அங்குலம். சுடச் சுட, குறுக்கக் குறுக்கப் பித்தளை முன்பக்கம் நீண்டு வரும். அந்த எல்லையைத் தாண்டினால் கேஸின் வாய் துப்பாக்கி அறையின் முனையில் இடித்துக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். டை, மசகு, தவறாகிப்போன தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல், அச்சிட்ட ரீலோடிங் கையேடு எல்லாம் சேர்ந்தபோது பிரஸ்ஸின் விலை மொத்தச் செலவில் பாதிகூட இல்லை.

மருந்தின் அளவு பற்றி ஒரே விதி வைத்தோம். மருந்து கம்பெனியோ குண்டு கம்பெனியோ அச்சிட்ட கையேட்டில் உள்ளதை மட்டும் எடுப்பது, அதிலும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பிப்பது. யாரோ வாய்ச்சொல்லாகச் சொன்ன அளவு எவ்வளவு பழகியவர் சொன்னதானாலும் வேண்டாம். மேசையில் ஒரே நேரத்தில் ஒரு மருந்து டப்பா மட்டும்.

சேமிப்பு பற்றியும் விசாரித்தார். வீட்டில் புகையில்லா மருந்து 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்கலாம், பிரைமர் 10,000 வரை வைக்கலாம் என்பது அங்கே பரவலாகப் பின்பற்றும் தீப் பாதுகாப்பு விதி. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த எல்லையைத் தொட அவசியமே இல்லை. வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு பவுண்டு மருந்தும் ஆயிரம் பிரைமரும் மட்டும் வைத்துக்கொண்டார்.

தேவகோட்டைப் பக்கத்துக் கேள்வி

இதற்கு மதுரையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைத் திறந்து, 2 ஆம் பிரிவில் தோட்டா வகைக்கான விளக்கத்தை வாசித்துக் காட்டினார். அந்த விளக்கத்துக்குள் தோட்டாவின் பாகங்களும் வருகின்றன, தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் வருகின்றன. அதாவது, ஒரு கிராம் மருந்துகூட இல்லாத வெறும் பிரஸ்ஸே இங்கே சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 10 ஆம் பிரிவின்படி லைசென்ஸ் வேண்டும். தயாரிக்க 5 ஆம் பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் அதற்கு ஈடாகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 5 ஆம் பிரிவை மீறித் தயாரித்தால் குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரையும் போகலாம்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தப் பழைய சாமான்?" என்று கேட்டார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் கொடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். வழக்கறிஞர் அதையும் தடுத்தார். விற்பதும் 5 ஆம் பிரிவுக்குள் வரும். அரும்பொருள் என்று வாதாட இடம் இருந்தாலும் அந்த வாதத்தை நீதிமன்றத்தில் போய் நடத்தும் நிலைக்கு ஏன் போக வேண்டும் என்றார். அவர் எழுதித் தந்த கடிதத்தோடு, பெரியவர் அந்தக் கருவியையும் பெட்டியின் அடியில் கிடந்த காலிப் பித்தளைக் கூடுகளையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ஒப்புகை வாங்கினார். மனம் கனத்துத்தான் செய்தார். குடும்பத்துப் பொருளைக் கொடுப்பது எளிதல்ல. ஆனாலும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். லைசென்ஸில் ஒரு கறை விழுந்தால் துப்பாக்கியும் சேர்ந்து போயிருக்கும்.

இளைஞருக்கும் வழக்கறிஞர் ஒன்று சொல்லி அனுப்பினார். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையில் ஊருக்கு வராதே. பையின் மடிப்பில் தங்கிவிட்ட ஒரு தோட்டாவுக்காக நம் விமான நிலையங்களில் வழக்குப் பதிவாவது அடிக்கடி நடக்கிறது. தெரிந்து வைத்திருந்தாரா என்பதைப் பார்த்து நீதிமன்றம் விடுவிக்கலாம். அதற்குள் பயணமும் நிம்மதியும் போய்விடும்.

பின்னர் நடந்தவை

முதல் தொகுதியை கையேட்டின் தொடக்க அளவில் செய்தார். அழுத்தம் மிகுந்ததா என்று அறிய, சுட்ட கேஸ்களின் பிரைமர் தட்டையாகியிருக்கிறதா, போல்ட் திறக்கக் கனக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்தார். இரண்டும் இல்லை. நூறு கெஜத்தில் விழுந்த துளைகள் அவர் வழக்கமாக வாங்கிய கடைத் தோட்டாவைவிட நெருக்கமாக இருந்தன. அடுத்தடுத்த தொகுதிகளில் மரக்கட்டையை விளக்கடியில் பார்க்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. மட்டம் மாறிய கேஸ் அவ்வப்போது அகப்படத்தான் செய்கிறது. அகப்படுவதற்காகத்தான் அந்தப் பழக்கம்.

ஓராண்டுக்குப் பின் பிஸ்டல் போட்டிகளில் சேர்ந்தார். 9 மி.மீ. செலவு கூடியது. அப்போது டரட் பிரஸ் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் பொருத்தினார். பழைய பிரஸ் ரைபிளுக்கு அப்படியே நிற்கிறது. புரோகிரசிவ் பற்றி இப்போது கேட்டால், வாங்கலாம், மருந்து மட்டம் பார்க்கும் கருவியோடு வாங்கலாம் என்கிறார். இந்தத் தேர்ச்சியோடு அவர் வாங்கினால் எனக்கும் கவலை இல்லை.

பெரியவர் கடைத் தோட்டாவையே வாங்குகிறார், சக்திமான் மார்க், லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்குள்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

சட்டக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்பது குடும்பத்தில் எல்லோருடைய கருத்தும். எந்த பிரஸ் என்று பல வாரம் பேசிய பிறகுதான், அது எந்த ஊரில் இருக்கலாம் என்ற பேச்சே வந்தது. பெரியவர் அதற்குள் 12 போர் பிரஸ்ஸுக்குப் பணம் அனுப்பச் சொல்லும் அளவுக்குப் போயிருந்தார்.

இளைஞர் மாற்ற நினைப்பது இரண்டு. மலிவான மின் தராசு ஒன்றை முதலில் வாங்கினார். ஏசி காற்று பட்டாலே எண் ஓடியது. பிறகு பழைய முறை நிறைகோல் தராசு வாங்க வேண்டியதாயிற்று. முதலிலேயே அதை வாங்கியிருக்கலாம் என்கிறார். இன்னொன்று ஈயம். மேசை சமையலறையை ஒட்டி இருந்தது. பழைய பிரைமரின் கரித்தூளில் ஈயம் உண்டு. குழந்தை பிறந்த பிறகுதான் மேசையைக் கராஜுக்கு மாற்றி, கை கழுவாமல் உள்ளே வரக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டார்கள். அது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

சில ஆண்டுகளில் ஊர் திரும்பும் எண்ணம் அவருக்கு இருக்கிறது. கிளம்பும் முன் இரண்டு பிரஸ்ஸும் டைகளும் அங்கேயே விற்கப்படும், மருந்தும் பிரைமரும் அங்கேயே தீர்க்கப்படும் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். கராஜில் பழக்கிய அந்த நண்பரே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.